மலையகச் செய்திகளின் அடியில் கிடக்கும் காணிக் கேள்வி

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்ட பிறகு, நிர்வாக சேவைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் கொப்பிகளில் புதிதாகச் சில வரிகள் ஏறியிருக்கின்றன. உயிரிழந்தோர் 600க்கும் மேல். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் கடும் பாதிப்பு. உலக வங்கியின் மதிப்பீட்டில் நேரடிச் சேதம் ஏறத்தாழ 4.1 பில்லியன் டொலர். வீட்டை முற்றாக இழந்தோருக்குப் புது வீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரை. இந்தியாவின் நிவாரண நடவடிக்கைக்குப் பெயர் ‘சாகர் பந்து’. எல்லாம் சரியான தகவல்கள். ஒரு வரியில் விடை கேட்கும் வினாக்களுக்கு இவை போதும்.

இலங்கையின் சமூக, பொருளாதார, அரசியல் பின்னணியைக் கேட்கும் வினாத்தாளுக்கு இவை போதாது. அங்கே கேட்கப்படுவது காரணமும் விளைவும். 50 இலட்சம் ரூபாவில் வீடு கட்டலாம், சரி. எங்கே கட்டுவது? கொத்மலைப் பக்கத்துக் கிராமக் குடும்பம் ஒன்று மண்சரிவில் வீட்டை இழந்தால், பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரு காணி உறுதியோ அரச அளிப்புப் பத்திரமோ இருக்கும். அதைக் காட்டி இழப்பைக் கோரலாம், மாற்றுக் காணி கேட்கலாம். அதே மலையின் மறுபக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்த குடும்பத்திடம் என்ன இருக்கிறது? நான்கு தலைமுறை லயத்தின் அதே காம்பராவில், அதாவது அதே அறையில், பிறந்து வளர்ந்திருந்தாலும், நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, கட்டடம் தோட்டத்துடையது. குடும்பத்துக்குச் சொந்தமென்று சொல்லக்கூடியவை உள்ளே இருந்த சாமான்கள் மட்டுமே. அவற்றைத்தான் மண் கொண்டுபோயிற்று.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் இதே கதைதான். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. ‘எச்சரித்தும் ஏன் போகவில்லை?’ என்று அப்போது தொலைக்காட்சியில் பலர் கேட்டார்கள். போவதற்கு இவர்களுக்கு வேறு காணி இல்லை என்பதை அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யோசிக்கவில்லை.

மலையகம் பற்றி வரும் எந்த நடப்பு விவகாரத்தையும், அது சம்பளமானாலும் வீடமைப்பானாலும் பிரதேச சபையானாலும், இந்தக் காணிக் கேள்வியிலிருந்து தொடங்கிப் படிப்பதே சரி என்பது என் உறுதியான எண்ணம். தனித்தனித் துணுக்குகளாக மனனம் செய்தால் அடுத்த மாதம் மறந்துபோகும். வேரைப் பிடித்துக்கொண்டால் புதிய செய்தி வரும்போது அது எங்கே போய் ஒட்டும் என்பது தானாகத் தெரியும்.

லயம் யாருடையது

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். அந்த 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்துதான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நடந்தது. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1867இல், லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். கோப்பிக்குப் பருவத்துக்கு ஆள் வந்து போனால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும். தொழிலாளர்கள் குடும்பத்தோடு நிரந்தரமாக லயத்தில் தங்கியது அப்படித்தான். கம்பனி லயத்தைக் கட்டியது வேலையாட்களை மலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக. குடியிருப்பு உரிமை என்ற எண்ணம் அந்தக் கட்டடத்தின் அத்திவாரத்திலேயே கிடையாது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. இன்னும் பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்குத் தோட்ட வாக்குகள் துணை நின்றன. அடுத்த ஆண்டே, தோட்டத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம், மணமானவர்கள் 7 ஆண்டும் மணமாகாதவர்கள் 10 ஆண்டும் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்து மக்களிடம் ஆவணம் கேட்டால் என்ன நடக்கும்? 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. அவற்றில் ஒரு சிறு பங்கே ஏற்கப்பட்டது. 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையை எடுத்தது. ஒரு சமூகத்துக்குப் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த, சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவுக்கு இவை முரண் என்று வாதிட்ட கோடக்கன்பிள்ளை வழக்கை, அப்போது இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1953இல் தள்ளிவிட்டது. 29ஆம் பிரிவு சிறுபான்மையினரைக் காத்ததா என்று எழுத வேண்டியவர்கள் இந்த வழக்கை விட்டுவிட்டு எழுதக்கூடாது. தமிழ்க் காங்கிரஸ் பிளந்து 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததற்கும் இந்தப் பிரஜாவுரிமைப் பிரச்சினை ஒரு முக்கிய காரணம்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று இரண்டு தலைநகரங்கள் முடிவு செய்தன. அந்த மீதியை 1974இல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். யாரைப் பற்றிய ஒப்பந்தமோ அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. போனவர்களில் பலர் நீலகிரியில், கூடலூர், கோத்தகிரிப் பக்கம், மறுபடியும் தேயிலைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தார்கள். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் அவர்களுக்காகவே தொடங்கப்பட்டவை. போர்ச் சூழலில் 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு போகாமல் இங்கேயே இருந்தவர்களின் நிலை அந்தரத்தில் தொங்கியது. 1986, 1988 சட்டங்கள் ஓரளவு தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வந்தது.

இந்த ஆண்டுகளையும் எண்களையும் பல பிள்ளைகள் கரைத்துக் குடித்திருப்பார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்று. பிரஜாவுரிமை இல்லாத 1948 – 2003 காலத்தில்தான் இந்நாட்டில் பெரிய அளவில் காணிப் பகிர்வுகள் நடந்தன. குடியேற்றத் திட்டங்கள், காணிச் சீர்திருத்தம், கிராம விஸ்தரிப்பு எல்லாம் அக்காலத்தவை. பிரஜை அல்லாதவருக்கு அவற்றில் இடமில்லை. ஆகவே, பிரஜாவுரிமை கைக்கு வந்தபோது பகிர்வதற்கான பந்தி பெரும்பாலும் முடிந்துபோயிருந்தது.

1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர், நெற்காணிக்கு 25 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. 1975 திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. முற்போக்கான சட்டம் என்றே பாடநூல் சொல்லும். நில உச்சவரம்பு என்ற கொள்கையில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தோட்டங்கள் சுவீகரிக்கப்பட்டபோது அங்கே வேலை செய்தவர்களுக்குக் காணி கிடைக்கவில்லை. பல இடங்களில் வேலையும் போய், பட்டினியோடு வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். தோட்டக் காணியைத் துண்டாடி வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் நடந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். மலையகத்தில் காணிக்காகச் சிந்திய இரத்தம் என்றால் இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் அது.

1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. காணி அரசாங்கத்திடமே இருந்தது, கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகை மட்டும் கிடைத்தது. ஆகவே வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுப்பதற்கே பல கைகள் ஒப்பமிட வேண்டியிருக்கிறது. கம்பனி காணியை விடுவிக்க வேண்டும், நிலஅளவை நடக்க வேண்டும், மண்சரிவு அபாயம் இல்லை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவகம் சொல்ல வேண்டும், அமைச்சரவை ஒப்புதல் வேண்டும், பிறகுதான் உறுதி. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். 7 பேர்ச்சஸ் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு கட்டியது போக ஒரு மாட்டுத் தொழுவத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் இடம் தேடவேண்டும்.

இந்திய அரசின் உதவியோடு நடக்கும் வீடமைப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள். முதலில் மலையகத்துக்கு 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட் வந்த பிரதமர் மோடி மேலும் 10,000 என்று அறிவித்தார். 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2,000 பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரம் வழங்கினார். ‘வீட்டுரிமைப் பத்திரம்’ என்று செய்தியில் பார்த்தால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: அந்தப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் ஈடு வைக்க முடியுமா? பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? முடியுமென்றால் அது உறுதி. முடியாவிட்டால் அது இருப்பிட அனுமதி. விடைத்தாளில் இந்த வித்தியாசத்தை ஒரு பந்தியில் எழுதிக் காட்டுகிற பிள்ளை நிர்வாகியாக யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு சம்பளச் சிட்டை

சம்பள விவகாரத்தில் எல்லோரும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். 1,000, 1,700, 1,750 என்று. வீட்டில் அம்மாவோ சித்தியோ மலைக்குப் போகிறவராக இருந்தால், அந்த மாதச் சம்பளச் சிட்டையை வாங்கி விரித்துப் பாருங்கள். எந்த வழிகாட்டி நூலும் அவ்வளவு கற்றுத்தராது.

முதல் நிரலில் இருப்பது பேர். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். தோட்டம் சொன்ன கிலோவை எடுத்தால்தான் முழுப் பேர் விழும். அது 18 கிலோவாக இருக்கலாம், 20 ஆக இருக்கலாம், தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். குறைந்தால் அரைப் பேர். ஆகவே அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் வேறு, கைக்கு வரும் நாட்சம்பளம் வேறு. 2025இல் இருந்த 1,350 ரூபா வீதம் 25 பேர் முழுதாக விழுந்தால் 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 2,700 ரூபா, முதலில் கழியும். பிறகு சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில் காசு, முற்பணம் என்று வரிசை. காடாகிக் கிடக்கும் மலையில் 25 பேர் விழுவதே பெரும்பாடு. செய்தித்தாளில் வரும் எண்ணுக்கும் சிட்டையின் கடைசி நிரலுக்கும் உள்ள தூரத்தை விளங்கிக்கொண்டால் சம்பளப் போராட்டம் ஏன் ஓய்வதில்லை என்பது விளங்கும்.

இனி நிறுவன ரீதியாக. சம்பளத்தைத் தீர்மானிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம். இது பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. மற்றது, 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழான சம்பள நிர்ணய சபை. 2015இலிருந்து எழுந்த 1,000 ரூபாக் கோரிக்கை கூட்டு ஒப்பந்த வழியில் நிறைவேறவில்லை. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா ஆனதோடு நின்றது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 900 அடிப்படை, 100 படி என்று 1,000 ஆக்கப்பட்டது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. சம்பளம் ஏறியது உண்மை. ஆனால் வேலை நாள், கொழுந்தின் அளவு, நலன்கள் பற்றிப் பேசுவதற்கு இருந்த மேசை இல்லாமல் போனது. சபைக்கு வந்தது சம்பளம் மட்டும்தான்.

2024இல் 1,350 அடிப்படை, 350 விசேட படி என்று 1,700 ரூபா வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 மட்டும் நிலைத்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இதை 1,550 ஆக்கி, அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்குவிப்பை அரசாங்கம் கொடுக்கும் என்றது. மொத்தம் 1,750. தனியார் கம்பனித் தொழிலாளியின் நாட்கூலியில் ஒரு பங்கைத் திறைசேரி ஏற்பது சாதாரண விடயமல்ல. வரிப்பணம் கம்பனிக்கு மறைமுக மானியமாகிறதா, அல்லது பல தலைமுறை அநீதிக்கு அரசு செலுத்தும் ஈடா என்று இரண்டு பக்கமும் வாதிடலாம். என்னைக் கேட்டால் இரண்டாவது. ஆனால் விடைத்தாளில் முதல் வாதத்தையும் நேர்மையாக எழுதத்தான் வேண்டும். கம்பனிகள் சொல்லும் கணக்கையும் தெரிந்திருக்க வேண்டும். உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி, விலையைத் தீர்மானிப்பது கொழும்பு ஏலம், ஏலத்தில் விலை சரிந்தால் கூலியைக் குறைக்க வழியில்லை என்பது அவர்கள் வாதம்.

இங்கேயும் அடியில் கிடப்பது காணிதான். வேலை செய்கிற கம்பனியின் கட்டடத்திலேயே குடியிருக்கும் ஆள் எவ்வளவு தூரம் பேரம் பேச முடியும்? வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் காம்பரா நிலைக்கும் என்ற பயம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. பல தோட்டங்களில் பரவும் வெளியாள் உற்பத்தி முறையையும் இதோடு பாருங்கள். தேயிலை மலையைக் குடும்பங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் கம்பனி வாங்கும். தொழிலாளி சிறுதோட்ட முதலாளியாகிறார் என்று இதைப் புகழ்வோர் உண்டு. காணி கைக்கு வராமல், சேமலாப நிதியும் கைவிட்டுப் போனால் அவர் முதலாளியும் அல்ல, தொழிலாளியும் அல்ல.

தோட்டத்துக்கு வராத அரசாங்கம்

அரச நிர்வாகம் தோட்டத்தின் வாசலில் நின்றுவிட்ட கதை நிர்வாக சேவைக்குப் படிப்போருக்கு நேரடிப் பாடம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. தோட்ட மக்கள் சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களை அனுப்பினார்கள். லயத்துப் பாதைக்கு ஒரு கூடைக் கல் போட அந்தச் சபையால் முடியவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவாயின.

பிரதேச செயலகங்களின் கதை இன்னும் மெதுவானது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பகமுவ, நுவரெலியா ஆகிய இரண்டு பிரிவுகளிலும் தலா 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அதே மாவட்டத்தின் ஹங்குரன்கெத்தவில் 1 இலட்சத்துக்கும் குறைவு. இரண்டு இடத்திலும் ஒரே ஒரு பிரதேச செயலாளர். ஓய்வூதியம், அடையாள அட்டை, அனர்த்த நிவாரணம் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. 2019இல் மாவட்டத்தின் 5 பிரிவுகளை 10 ஆக்கும் முடிவு வந்தது. தலவாக்கலை, நோர்வூட் செயலகங்கள் அதன் பலன்.

மொழியும் இதே விடயம்தான். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, ஒரு பிரதேச செயலகப் பிரிவின் மொத்தச் சனத்தொகையில் எட்டில் ஒன்றைச் சிறுபான்மை மொழியினர் தாண்டினால் அதை இருமொழிப் பிரிவாக்க ஜனாதிபதிக்கு இடமளிக்கிறது. 1999இலேயே நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இந்த அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்துவிட்டால் தமிழில் கருமம் ஆற்றும் உத்தியோகத்தர் தானாக வந்துவிடுவதில்லை. சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசிக்க ஆள் தேடி டவுனுக்கு வரும் வயதானவர்களை ஹட்டன் பஸ் நிலையத்தில் இன்றும் பார்க்கலாம். நீங்கள் எழுதும் பரீட்சையில் தேறினால் நிரப்பப்போவது இந்த வெற்றிடத்தைத்தான்.

கடிதம் என்றதும் ஒரு விடயம். தோட்டத்து முகவரியில் வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ இல்லை. பெயர், மேற்பிரிவோ கீழ்ப்பிரிவோ, தோட்டம், டவுன், அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும், அங்கிருந்து யாராவது எடுத்து வந்தால்தான் லயத்தை எட்டும். நேர்முகத்துக்கான அழைப்பு அது முடிந்த பிறகு கைக்குக் கிடைத்த பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். விண்ணப்பத்தில் டவுனில் நம்பிக்கையான ஒருவரின் முகவரியைக் கொடுங்கள், பரீட்சைத் திணைக்களத்தின் இணையதளத்தை நீங்களே பார்த்துக்கொண்டிருங்கள். காணி இல்லாதவருக்கு முகவரியும் இல்லை என்பதை எங்கள் பிள்ளைகள் இப்படித்தான் அனுபவத்தில் படிக்கிறார்கள்.

உலகச் செய்தி ஹட்டனுக்கு வரும் வழி

உலகளாவிய போக்குகளுக்குத் தனியாகப் படிக்க வேண்டும் என்று பயப்படுகிறவர்கள், தேயிலையைப் பிடித்துக்கொண்டே பாதித் தூரம் போகலாம். 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. கொழுந்து குறைந்தது. 2021இல் 300 மில்லியன் கிலோவை ஒட்டியிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 250 மில்லியனாக விழுந்தது. கொழுந்து இல்லாத மலையில் கிலோ நிரம்பாது, கிலோ நிரம்பாவிட்டால் அரைப் பேர். கொழும்பில் எடுத்த ஒரு முடிவு பொகவந்தலாவையில் ஒரு பெண்ணின் சிட்டையில் அரைப் பேராக விழுந்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர், 48 மாதத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதம் ஆனது. சோற்றுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வருமானத்தின் பெரும்பகுதியைச் செலவிடும் குடும்பத்துக்கு அந்த எண்கள் எப்படி வலித்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஈரானுக்குக் கொடுக்க வேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாக அடைக்கும் உடன்படிக்கை 2021 டிசம்பரில் செய்யப்பட்டு, 2023இல் நடைமுறைக்கு வந்தது. பொருளாதாரத் தடைகள், டொலர் தட்டுப்பாடு, பண்டமாற்று என்ற மூன்று தலைப்புகளுக்கும் இந்த ஒரே உதாரணம் போதும். ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு இராச்சியம், லிபியா என்று நம் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்கள் இருக்கும் வரைபடத்தைப் பாருங்கள். மத்திய கிழக்கில் ஒரு குண்டு வெடித்தால் ஏல விலை ஏன் ஆடுகிறது என்பது விளங்கும்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீத வரி என்றது, ஜூலையில் 30, ஓகஸ்டில் 20 என்று இறங்கியது. இது தேயிலையை விட ஆடைத் தொழிலை அதிகம் தொட்டது. ஆனால் கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளில் மெஷினில் இருப்போரில் நம் தோட்டத்துப் பெண் பிள்ளைகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையும் அப்படியே. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும் என்ற அதன் நிபந்தனைக்குள் தொழிலாளர் உரிமையும் வருகிறது. நவீன அடிமைத்தனம் பற்றிய ஐ.நா. விசேட அறிக்கையாளர் தொமோயா ஒபொகாட்டா 2021இன் இறுதியில் இங்கு வந்து தோட்டங்களையும் பார்த்துத் தன் அறிக்கையில் எழுதியதை இந்த இடத்தில் மேற்கோளாகக் காட்டலாம்.

இந்தியப் பக்கத்தில் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம். பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களையே அது பேசுகிறது. தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் அதில் இல்லை. அந்த முகாம்களில் மலையக வேர் கொண்டவர்களும் கணிசமாக இருக்கிறார்கள் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1964இல் தொடங்கிய கணக்கு பாக்கு நீரிணையின் அந்தக் கரையில் இன்னும் தீரவில்லை.

இரண்டு இடங்களில் கவனம் தேவை, ஏனென்றால் நல்ல விடைகளும் அங்கே சறுக்குகின்றன. முதலாவது, ‘தோட்டத்துறை’ என்ற புள்ளிவிபர வகையும் மலையகத் தமிழர் என்ற சமூகமும் ஒன்றல்ல. 20 ஏக்கருக்குக் குறையாத, 10 அல்லது அதற்கு மேற்பட்ட வதியும் தொழிலாளர் கொண்ட தோட்டத்தில் வாழ்பவரே தோட்டத்துறையில் எண்ணப்படுகிறார். 2019இல் தோட்டத்துறையின் வறுமை 51.3 சதவீதம், நாட்டின் சராசரி 14.3 சதவீதம். இந்த 51.3ஐ மலையகத் தமிழர் எல்லோருக்கும் பொருத்தினால் பிழை. ஆசிரியர், கடைக்காரர், கொழும்பில் வேலை செய்யும் இளைஞர் என்று தோட்டத்துக்கு வெளியே ஒரு பெரிய மலையகம் இருக்கிறது. இரண்டாவது, இலங்கைத் தேயிலை என்றால் பெருந்தோட்டம் என்ற நினைப்பு. உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிறுதோட்ட உடைமையாளர்களிடமிருந்து வருகிறது, அதிலும் பெரும்பகுதி காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற தாழ்நிலப் பகுதிகளிலிருந்து. சொந்தக் காணியில் தேயிலை வைத்தவர்கள் அவர்கள். காணி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2045

அரசியல் களம் மாறியிருக்கிறது. 1952 முதல் கால் நூற்றாண்டு தேர்தலில் வென்ற ஒரு பிரதிநிதிகூட இல்லாமல் இருந்து, 1977இல் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் வென்ற பிறகு, மலையக அரசியல் என்றால் தொழிற்சங்க அரசியல் என்றே ஆனது. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 225இல் 159 ஆசனங்கள் பெற்ற தேசிய மக்கள் சக்தி நுவரெலியா மாவட்டத்தையும் வென்றது. பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கலைச்செல்வி என்று மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். 2023 ஒக்டோபரில் வெளியிட்ட ஹட்டன் பிரகடனத்தில் காணியும் வீடும் அந்தக் கட்சி கொடுத்த வாக்குறுதிகள். அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தோடும் ஒப்பிட்டுப் படியுங்கள்.

1992இல் தொடங்கிய பெருந்தோட்டக் குத்தகைகள் 53 ஆண்டுக்கானவை. பெரும்பாலானவை 2045இல் முடிகின்றன. இப்போது 24 வயதில் நிர்வாக சேவைக்குள் போகும் ஒருவருக்கு அப்போது வயது 43. அநேகமாக ஒரு பிரதேச செயலகத்திலோ மாவட்டச் செயலகத்திலோ காணி அமைச்சிலோ மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார். குத்தகையைப் புதுப்பிப்பதா, லயமும் அதைச் சுற்றிய காணியும் புதுப்பித்த குத்தகைக்குள் போவதா வெளியே நிற்பதா, காட்டுக்கும் நீரேந்து பகுதிகளுக்கும் எவ்வளவு விடுவது, மண்சரிவு வலயத்துக்குள் இருக்கும் குடும்பங்களை எந்தச் சரிவில் குடியேற்றுவது என்ற கோப்புகள் அந்த மேசைக்கு வரும். குறிப்புரை எழுத வேண்டியவர் அவராக இருப்பார்.